பாலிகொண்ட்வானாலேண்ட் எல்பி: ரொம்ப நாள் ஓட்டிப் பாத்ததுக்கு அப்புறம்

ஃப்ரெண்ட் ஒருத்தன் மெசேஜ் பண்ணியிருந்தான், கிங் கிஸ்ஸர்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்டுங்கற ஆஸ்திரேலியா ராக் பேண்டோட பாலிகொண்ட்வானாலேண்ட் ரெக்கார்ட் ஒரு கடைல விலை இறங்கியிருக்கு மச்சான், வாங்கலாமான்னு. கூட அனுப்புன போட்டோவப் பாத்தா நான் வச்சிருக்கற அதே பிரஸ்ஸிங், அதாவது அதே கம்பெனி அச்சடிச்ச தட்டு. வாங்கு, வாங்காதன்னு ஒரு வரில பதில் போட என்னால முடியல.

முதல்ல கடுப்பச் சொல்லிடறேன். இந்தத் தட்டுல ஓட்டை நடு சென்டர்ல இல்ல. வெறும் கண்ணால பாத்தா தெரியாது, டர்ன்டேபிள்ல போட்டு ஊசிய இறக்கிட்டு கொஞ்சம் குனிஞ்சு ஊசிய தாங்கற கைய, அதான் டோன்ஆர்ம மட்டும் பாருங்க, ஒவ்வொரு சுத்துக்கும் அது உள்ள போயி வெளிய வந்து ஆடிக்கிட்டே இருக்கும். 33⅓ ஸ்பீடுல ஒரு சுத்துக்கு 1.8 செகண்ட், அந்த 1.8 செகண்டுக்கு ஒருதடவ பாட்டோட சுருதியும் ஏறி இறங்குது. டிரம்ஸ், டிஸ்டார்ஷன் கிடார் எல்லாம் ஓடற எடத்துல தெரியாது. சின்த் ஒரே நோட்டப் புடிச்சு நிக்கற எடத்துலயும் பேண்டோட பாடகர் ஸ்டூ மெக்கென்ஸி புல்லாங்குழல் எடுக்கற எடத்துலயும் அப்பட்டமா தெரியும், ஒருதடவ காதுல பட்டுட்டா அப்புறம் அதத் தவிர வேற எதுவும் கேக்காது.

இதுல இன்னொரு கொடுமை என்னன்னா உள்ள போகப் போக ஆட்டம் கூடும். ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்குன்னு வச்சுக்கங்க, தட்டோட வெளி ஓரத்துல சுருதி ரெண்டு பக்கமும் 0.7 சதவீதம் மாறும், நடுவுல ஒட்டியிருக்கற லேபிள் தாளுக்குப் பக்கத்துல வரும்போது அதே ஒரு மில்லிமீட்டர் 1.6 சதவீதத்துக்கு மேல இழுத்துடும். பத்து நிமிஷத்துக்கு மேல ஓடற 'க்ரம்ப்ளிங் காஸில்' முதல் பக்கத்துல ஆரம்பத்துலயே வந்துடறதால பெருசா பாதிப்பில்லாம தப்பிச்சுடுது. ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 'த ஃபோர்த் கலர்' ரெண்டாவது பக்கத்துல லேபிள ஒட்டி வருது. மொத்த ரெக்கார்டும் எதுக்காக ஏறிக்கிட்டே வந்துச்சோ அந்த எடம்தான் மோசமா ஆடுது, இத என்னன்னு சொல்ல.

சரி யார்கிட்ட போயி கேக்கறது? இங்கதான் இந்த பேண்டோட கதை வருது, அது தெரியாம இந்த ரெக்கார்ட பத்திப் பேசவே முடியாது.

2010ல மெல்போர்ன்ல சேந்து வாசிச்சுக்கிட்டிருந்த நண்பர்கள் கூட்டம் இது. 2012ல வந்த முதல் ஆல்பம் '12 பார் ப்ரூஸ்' பக்கா கராஜ் ராக், அதாவது பட்டை தீட்டாத கரடுமுரடான ராக். அடுத்த வருஷமே ஒரு கௌபாய் கதைய எடுத்து, பேண்டுல இருக்கற ஆம்ப்ரோஸ் கென்னி-ஸ்மித்தோட அப்பா ப்ராட்ரிக் ஸ்மித்த வச்சு கதை சொல்ல விட்டு பின்னாடி இவங்க வாசிச்சாங்க. 2015ல 'குவார்டர்ஸ்', நாலே பாட்டு, ஒவ்வொண்ணும் 10 நிமிஷம் 10 செகண்ட். 2016ல 'நோனகன் இன்ஃபினிட்டி', ஒரு பாட்டு முடியற எடத்துல அடுத்தது ஒட்டிக்கும், கடைசிப் பாட்டு முடியறப்ப திரும்ப முதல் பாட்டு ஆரம்பிக்கும், நிறுத்தவே தோணாது. அதுக்கு ஆஸ்திரேலியாவோட ஆரியா விருதும் கெடைச்சுது. அப்புறம் வந்தது 2017. அந்த ஒரே வருஷத்துல அஞ்சு ஆல்பம் விடறோம்னாங்க, டிசம்பர் 31ஆம் தேதி அஞ்சாவதயும் விட்டு சொன்னபடி முடிச்சாங்க.

அந்த அஞ்சுல நாலாவதுதான் பாலிகொண்ட்வானாலேண்ட், 2017 நவம்பர் 17. மாஸ்டர் ஃபைல் (அச்சடிக்கத் தேவையான மூல ஒலிப்பதிவு) மொத்தத்தையும் நெட்ல ஃப்ரீயா போட்டு, யார் வேணா எடுத்து சிடி போடுங்க, கேஸட் போடுங்க, எல்பி அடிங்க, இது எங்களோடது இல்ல உங்களோடதுன்னுட்டாங்க. இத்தனைக்கும் அப்ப ஃப்ளைட்லெஸ்னு சொந்த லேபிள், அதாவது ரெக்கார்ட் கம்பெனி இருந்துச்சு, அத நடத்துனது அவங்களோட ரெண்டு டிரம்மர்ல ஒருத்தரான எரிக் மூர்தான். காசு பாத்திருக்கலாம், பாக்கல. எந்தெந்த ஊர்லயோ இருக்கற குட்டி லேபிள் எல்லாம் எறங்கி அடிச்சுது, கலர் கலரா தட்டு, ஆளாளுக்கு ஒரு அட்டை. எந்த பேண்டு இப்படித் தூக்கிக் கொடுக்கும் சொல்லுங்க. எனக்கு இவங்க மேல இருக்கற மரியாதைல பாதி இந்த ஒரு விஷயத்தாலதான்.

ஆனா அதோட மறுபக்கம் என் வீட்ல சுத்திக்கிட்டிருக்கு. இந்தக் காப்பி பேண்டு அடிச்சதில்ல, அதனால அவங்களக் கேக்க முடியாது. அடிச்சவங்களுக்கு மெயில் போட்டா அந்த விலைக்கு அவ்ளோதான் வரும்னு பதில். அந்த விலையா? காசு கொடுத்துதான வாங்கினேன், பாட்டு அவங்களுக்கு ஃப்ரீயா வந்துச்சு, எனக்கு தட்டு ஃப்ரீயா வரலையே. ஃப்ரீயா வந்த பாட்ட அச்சடிக்கறவங்க மத்தவங்கள விட ஒருபடி கூடுதலா பாத்து அடிச்சிருக்கணும்ங்கறதுதான் என் கருத்து. அதே சமயம் தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட வேற லேபிள் அடிச்ச காப்பி இருக்கு, உக்காந்து முழுசா கேட்டேன், ஆர்ம் அசையவே இல்ல, சத்தம் அவ்ளோ சுத்தம். அதனால எல்லாப் பிரஸ்ஸிங்கையும் சேத்துத் திட்டறது ஞாயமில்ல.

இப்ப ரிப்பேர். சமீபத்துலதான் பண்ணேன். சின்ன ரவுண்டு அரத்த வச்சு ஓட்டைய கொஞ்சமா பெருசாக்கணும், தட்டு டர்ன்டேபிள் நடுக்கம்பில (ஸ்பிண்டில்) லூசா உக்காரணும், அப்புறம் ஆர்ம பாத்துக்கிட்டே வெரலால தட்ட லேசா நகத்தி நகத்தி ஆட்டம் நிக்கற எடத்தக் கண்டுபிடிக்கணும். ராவுன தூளு பள்ளத்துக்குள்ள போயிடாம ப்ரஷ்ஷால நல்லா தட்டிட்டுதான் ஊசிய வைக்கணும். வேலை செய்யுது, சத்தியமா வேலை செய்யுது. ஆனா ரெண்டு பக்கத்துக்கும் அச்சு தனித்தனியா பொருத்தறாங்கல்ல, அதனால முதல் பக்கம் தள்ளியிருக்கற திசை வேற, ரெண்டாவது பக்கம் தள்ளியிருக்கற திசை வேற. திருப்பிப் போடறப்பலாம் மறுபடி குனிஞ்சு நகத்தணும். ராத்திரி வேலைய முடிச்சுட்டு வந்து நிம்மதியா பாட்டு கேக்கலாம்னு உக்காரற மனுஷனுக்கு இது தேவையா.

ஆனா நகத்தி முடிச்சு ஓட விட்டா, ஐயோ. 'த காஸில் இன் த ஏர்'ல லியா சீனியரோட குரல் வந்து கதை சொல்லும். ரெண்டாவது பக்கத்துல 'இன்னர் செல்', 'லாயல்டி', 'ஹொராலஜி' மூணும் மூச்சு விடாம ஒரே பாட்டா ஓடும், கிடார் ஒரு கணக்குல போகும், டிரம்ஸ் வேற கணக்குல போகும், எங்கயோ போயி ரெண்டும் ஒரே அடில வந்து விழும், அந்த எடம் எப்ப வரும்னு தெரிஞ்சிருந்தும் ஒவ்வொரு தடவையும் தொடைல தாளம் போட்டுக்கிட்டே காத்துக்கிட்டிருப்பேன். மனுஷக் கண்ணுல நிறம் பாக்கற செல்லு மூணு வகை, நாலாவது நிறத்தையும் பாக்கணும்னு ஏங்கறவனப் பத்திதான் கடைசிப் பகுதி. 'த ஃபோர்த் கலர்' முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கறப்ப அடங்கிக் கெடந்து திடீர்னு வெடிக்கும் பாருங்க, சுருதி ஆடாம அத மொதல்தடவ என் வீட்டு ஸ்பீக்கர்ல கேட்டப்ப எந்திரிச்சு நின்னுட்டேன்.

அதே வருஷம் முதல்ல வந்த 'ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா'வுக்கு மட்டும் இப்படி ஓட்டை தள்ளி அடிச்சிருந்தா கதை முடிஞ்சுது. கிடார்ல கூடுதல் ஃப்ரெட் (கழுத்துல சுரத்தப் பிரிக்கற கம்பி) போட்டு அரை சுரத்தையும் பாதியா வெட்டி வாசிச்ச ஆல்பம் அது, ஒரு கால் சுரம்ங்கறதே சுமார் 2.9 சதவீத வித்தியாசம்தான். நான் சொன்ன ஆட்டம் அதுல பாதிக்கு மேல வந்துடும், எது வாசிச்சது எது தட்டு ஆடுனதுன்னே பிரிக்க முடியாது.

மெசேஜ் பண்ண அந்த ஃப்ரெண்டுக்கு என் பதில் இதான். அந்தக் கடைல இருக்கற காப்பிய வாங்காத, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேணாம். 2025 ஜூலைல இந்த பேண்டு ஸ்பாட்டிஃபைல இருந்து பாட்டெல்லாம் எடுத்துட்டாங்க, ஸ்பாட்டிஃபைய அப்ப நடத்திக்கிட்டிருந்த டேனியல் எக் ராணுவ ஏஐ கம்பெனில காசு போட்டது பிடிக்காம, அதனால அங்க தேடிட்டு இல்லைன்னு சொல்லாத. பாலிகொண்ட்வானாலேண்ட் ஃபைல் ஃப்ரீயாவே கெடைக்கும், எறக்கி நல்ல ஹெட்ஃபோன்ல கேளு. எல்பிதான் வேணும்னா வேற லேபிள் அடிச்சதத் தேடு, வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட கேட்டு ரெண்டாவது பக்கத்தோட கடைசிப் பாட்ட ஓட விட்டு ஆர்மப் பாரு, ஆடுனா அங்கயே வச்சுட்டு வா. இந்த பேண்டுல ஒரே ஒரு ரெக்கார்ட்தான் வச்சுக்கலாம்னு யாராவது சொன்னா மத்ததெல்லாம் கொடுத்துட்டு இந்த ஆடற தட்டத்தான் நான் வச்சுக்குவேன், அது வேற விஷயம். நீ வாங்காத.