ஒரே வாரத்தில் பேட் பயிற்சி, உத்தரவாதம் என்பவர்களிடம் குட்டியை ஒப்படைக்காதீர்கள்

சின்ன இன நாய்க்குட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். பேட் என்பது குட்டி வீட்டுக்குள்ளேயே உச்சா போகத் தரையில் போடுகிற, ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு. "குட்டியை எங்களிடம் விட்டுவிடுங்கள், ஒரே வாரத்தில் பேடில் மட்டும் உச்சா போகப் பழக்கித் தருகிறோம்" என்று ஒரு பயிற்சியாளர் எங்களிடம் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த குட்டி, ஆளைக் கண்டாலே பதுங்குகிறது.

எங்களுடையது ஷிட்ஸூ. மூன்று மாதம்கூட ஆகாத குட்டி. தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே தரையில் விட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால்தான் வீட்டுக்குள் பேட் என்று முடிவு செய்தோம். அந்தப் பயிற்சியாளர் தடுப்பூசி அட்டையைக் கேட்கவே இல்லை. பல நாய்கள் இருக்கிற இடத்தில் தடுப்பூசி முடியாத குட்டியை எடுத்துக்கொண்டால் பார்வோ (குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய்) போன்றவை தொற்றிக்கொள்ளலாம். இது தெரியாதவரா பயிற்சியாளர்? இடத்தைப் பார்க்க வரலாமா என்றோம். "உங்களைப் பார்த்தால் கவனம் சிதறிவிடும்" என்றார்.

தினமும் வீடியோ மட்டும் தவறாமல் வந்தது. குட்டி பேடில் நிற்கும், உட்காரும், உச்சா போகும். நாங்களும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் அதே வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுவரிலிருந்து சுவர்வரை தரை முழுக்க பேட். எங்கே போனாலும் பேடில்தான் போயாக வேண்டும்! ஆரம்பத்தில் அப்படி விரிப்பது சரியான முறைதான். ஆனால் குட்டி ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பொறுமை கேட்கிற வேலையே அதுதான். அதைத் தொடாமலேயே "முடிந்தது" என்று அனுப்பிவிட்டார்.

அதைவிட வலித்தது வேறு. வீட்டில் பேடில் விட்டால் காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு என் கையையே பார்க்கும். நாங்கள் அந்தப் பக்கம் போனதும் சோபாவுக்குப் பின்னால் போய் உச்சா போகும். ஒருநாள் படிக்கச் செய்தித்தாளைக் கையில் எடுத்தேன். குட்டி அப்படியே தரையோடு படுத்து, படுத்த இடத்திலேயே ஒழுகவிட்டது. ஃபோன் செய்து கேட்டதற்கு அவர் மறைக்கவே இல்லை: "தப்பு செய்தால் மூக்கை அதிலேயே தேய்க்கணும், பேப்பரைச் சுருட்டி ரெண்டு போடணும், சாயங்காலத்துக்கு மேல் தண்ணி வைக்கக்கூடாது."

இதில் ஒன்றுகூடச் சரியில்லை. எப்போதோ போனதற்கு இப்போது அடித்தால் அது எதற்கென்று குட்டிக்குப் புரியாது. மனிதர் முன்னால் உச்சா போனால் ஆபத்து என்று மட்டும் புரியும்; ஒளிந்து போகக் கற்றுக்கொள்ளும். தண்ணீரை நிறுத்தினால் உடம்பில் நீர்ச்சத்து குறையும், பழக்கம் வராது. எத்தனை மாதக் குட்டியோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் அதிகபட்சமாக அடக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. சின்ன இனங்களுக்கு மூத்திரப்பை சிறியது என்பதால் அதற்கும் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனதை அவர் "திமிர்" என்றார். மருத்துவர் சிறுநீரைப் பரிசோதித்தார், தொற்று இருந்தது. மருந்து கொடுத்ததும் அந்தச் சொட்டுப் போவது நின்றது. பயம் அப்படிப் போகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "உங்கள் வீட்டில் கண்டிப்பு இல்லை, அதனால்தான் மறந்துவிட்டது" என்கிறார். வேறு வீடு, வேறு தரை, வேறு ஆட்கள். அங்கே பழகியது இங்கே தானாகத் தொடரும் என்று உத்தரவாதம் கொடுப்பதே ஏமாற்று.

இப்போது நாங்களே பழக்குகிறோம். சின்ன வேலி அடைப்புக்குள் ஒரு பக்கம் படுக்கை, எதிர்ப்பக்கம் பேட். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலும், விளையாடி முடித்ததும் பேடுக்குக் கூட்டிப்போகிறோம். உச்சா போய் முடித்த அந்த நொடியிலேயே ட்ரீட். தப்பான இடத்தில் போனால் ஒரு வார்த்தை பேசாமல் என்சைம் கிளீனர் (மூத்திரக் கறையையும் வாடையையும் சிதைத்துப் போக்குகிற திரவம்) போட்டுத் துடைக்கிறோம். அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், மூத்திர வாடை மாதிரியே இருப்பதால் மறுபடி அங்கேயே போகும். கால்மிதிகளையும் எடுத்து வைத்துவிட்டோம், காலுக்கு மெத்தென்று இருப்பதால் குட்டி அதையும் பேட் என்று நினைத்துக்கொள்ளும். பேடைக் கடித்துக் கிழித்தால் உடனே பிடுங்குங்கள். உள்ளே இருக்கிற பொருள் ஈரத்தில் உப்பும், விழுங்கினால் குடலை அடைக்கலாம்.

பயிற்சியாளர்தான் வேண்டும் என்றால், உங்கள் வீட்டுக்கே வந்து உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பவராகப் பாருங்கள். "குட்டி தப்பான இடத்தில் போனால் என்ன செய்வீர்கள்?" என்று முதலிலேயே கேளுங்கள். மழுப்பினாலோ, அடிப்பேன் என்றாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இப்படி எங்காவது விட்டிருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் இன்றைக்கே போய்ப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால் குட்டியைக் கையோடு கூட்டிக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள். வீடியோவையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.