கூலன்ட் டெம்பரேச்சர் மீட்டர்: தனியாகப் பொருத்திப் பல கோடைகள் ஓட்டிய அனுபவம்

டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது, எனவே எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறோம். பல கார்களில் அந்த முள் நடுவில் நிற்பதற்கென்றே அமைக்கப்பட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுமார் 75 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் அது நகராது. சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வாடிக்கையாளர் பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடிவரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த எல்லையைத் தாண்டி முள் கிளம்பும்போது ஹெட் கேஸ்கட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பை) காப்பாற்ற நமக்கு அதிக நேரம் இருக்காது. இப்போது வரும் பல கார்களில் முள்ளே இல்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

அதனால்தான் எண்ணைக் காட்டும் மீட்டர் ஒன்றைத் தனியாகப் பொருத்தினேன். என்னுடையது ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வைத்த பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இருப்பது சேலத்தில். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் அடிக்கடி, கொல்லிமலையின் எழுபது எப்போதாவது, மற்ற நாளெல்லாம் ஊருக்குள் டிராஃபிக். ஏப்ரல், மே மாத மதியத்தில் எங்கள் ஊர் வெயிலில் ஏசி போட்டு மலை ஏறும் எவருக்கும் கூலன்ட் சூடு ஒரு கவலைதான்.

மீட்டர் வாங்கும் முன் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை அடையாளம் காண வேண்டும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய ஈசியு வண்டிகளில் பொதுவாக மூன்று தனித்தனிப் பொருட்கள் இருக்கும். ஒற்றை வயர் போகும் பித்தளைத் துண்டு, டேஷ்போர்டு முள்ளுக்கான சென்டர் (sender, சூட்டை அளந்து முள்ளுக்கு அனுப்பும் சென்சார்). அதற்குத் தனி எர்த் வயர் கிடையாது. மரை வழியாக எஞ்சின் உலோகத்திலிருந்தே எர்த் எடுத்துக்கொள்ளும். இரண்டு வயர் கப்ளர் உள்ளது ஈசியுவுக்கான சென்சார். ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு தடித்த வயரோடு இருப்பது ஃபேன் சுவிட்ச். அது சூட்டை அளப்பதில்லை, குறிப்பிட்ட சூடு வந்ததும் இணைப்பைக் கொடுக்கும், இறங்கியதும் துண்டிக்கும். புதிய வண்டிகளில் ஃபேனையும் ஈசியுவே பார்த்துக்கொள்வதால் இந்தச் சுவிட்ச் இருக்காது. சிலவற்றில் மீட்டருக்கும் ஈசியுவுக்கும் சேர்த்து ஒரே உடம்பில் மூன்று பின் வைத்திருப்பார்கள்.

கப்ளர் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், வண்டிக்கு வண்டி மாறும். ஒற்றை வயர் என்றாலே டெம்பரேச்சர் சென்டர் என்றும் சொல்ல முடியாது. ஆயில் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சும் பல வண்டிகளில் ஒற்றை வயர்தான். காற்று உள்ளே போகும் பாதையில் இருக்கும் இரண்டு வயர் சென்சாரும் பார்வைக்கு கூலன்ட் சென்சார் போலவே இருக்கும். அது எடுப்பது காற்றின் சூட்டை. கூலன்ட் சென்சார் என்றால் அதன் மூக்கு கூலன்டில் முங்கியிருக்க வேண்டும். ஆகவே தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஹவுசிங், சிலிண்டர் ஹெட்டின் ஓரம், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் புறப்படும் இடம் ஆகியவற்றில் தேடுங்கள்.

உறுதிப்படுத்த மல்டிமீட்டர் போதும். சூட்டை அளக்கும் இந்த சென்சார்கள் பொதுவாகச் சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. பாஷ் வகை ஈசியு சென்சார் 20 டிகிரியில் ஏறக்குறைய 2500 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் பக்கம், 100 டிகிரியில் 190 ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டும். நம் ஊர்க் காலை நேரத்தில், இரவெல்லாம் நின்ற வண்டியில், 1700 ஓம் அளவு வந்தால் அது சரியான சென்சார் என்று தைரியமாகச் சொல்லலாம். டேஷ்போர்டுக்கான ஒற்றை வயர் சென்டர் இதைவிட மிகக் குறைந்த தடை கொண்டது. விடிஓ வகை ஒன்றில் 40 டிகிரியில் 290 ஓம், 120 டிகிரியில் இருபது சொச்சம். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், தடை குறைந்திருக்கும். ஒற்றை வயர் சென்டருக்கு மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. சாவியை ஆன் செய்து, வயரைக் கழற்றினால் முள் ‘சி’ பக்கம் விழும். அந்த வயரை ஒரு நொடி எஞ்சினில் தொட்டால் ‘எச்’ பக்கம் ஏறும். ஈசியு சென்சாரின் வயர்களில் இந்த விளையாட்டு வேண்டாம். அதைக் கழற்றினாலே எஞ்சின் மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாக ஈசியு நினைத்து, செக் எஞ்சின் விளக்கை எரியவிட்டு, பி0118 என்ற பிழைக் குறியீட்டைப் பதிந்துவைக்கும். பல வண்டிகளில் பாதுகாப்புக்காக ஃபேனையும் ஓடவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈசியு சென்சாரின் வயரில் இன்னொரு வயரை ஒட்டி, அதிலிருந்தே புது மீட்டருக்குச் சிக்னல் எடுக்கலாம் என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். விடவே விடாதீர்கள். ஈசியு அந்த சென்சாருக்கு 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்து, நடுவில் எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. நம் மீட்டரும் அதிலிருந்து மின்சாரம் இழுத்தால் வோல்ட் குறையும். வோல்ட் குறைந்தால் எஞ்சின் உள்ளதைவிடச் சூடாக இருப்பதாக ஈசியு எடுத்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டிய அளவு பெட்ரோல் கொடுக்காது. மீட்டரும் தப்பு, எஞ்சினும் தப்பு. புது மீட்டருக்கு அதனுடனேயே வரும் சென்டர்தான் வேண்டும். ஒரு கம்பெனி சென்டரும் இன்னொரு கம்பெனி மீட்டரும் பெரும்பாலும் ஒத்துப்போகாது, ஏனென்றால் ஓம் கணக்கு ஒவ்வொருவருக்கும் வேறு.

அப்புறம், சென்டரை எங்கே வைப்பது? ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் எஞ்சின் பக்கத்திலோ மரையோடு ஒரு காலி ஓட்டை இருந்தால் அதுதான் முதல் தேர்வு. என் எஞ்சினில் அப்படி எதுவும் இல்லை. ஹீட்டர் ஹோஸில் வைக்கும் யோசனையை நம் ஊரில் நான் ஒதுக்கிவிடுவேன். பல பழைய கார்களில் ஹீட்டருக்கு வால்வு உண்டு. சேலத்தில் யார் ஹீட்டர் போடப் போகிறார்கள்? வால்வு வருடக்கணக்கில் மூடியே கிடக்கும், அந்த ஹோஸில் ஓட்டமே இருக்காது. கீழ் ஹோஸில் வைத்தால் ரேடியேட்டரில் குளிர்ந்து திரும்பும் கூலன்டின் சூடுதான் தெரியும். ஆகவே மேல் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு அலுமினிய அடாப்டரை வைத்தேன். இது 28லிருந்து 38 மில்லிமீட்டர் வரை பல அளவில் வருகிறது. ஹோஸின் உள் விட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். அடாப்டரில் உள்ள ஓட்டை பெரும்பாலும் 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் அளவு) மரை. அந்த மரைக்கு இஞ்சுக்கு 27 பல், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 1/8 பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரைக்கு 28 பல். ஒன்றில் மற்றதைப் போட்டு, முதல் இரண்டு சுற்று ஏறுவதைப் பார்த்து ஏமாந்து முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

ரப்பர் ஹோஸ்களுக்கு நடுவில் தொங்கும் அடாப்டருக்கு எர்த் கிடையாது. ஒற்றை வயர் சென்டர் என்றால் அடாப்டரின் ஸ்க்ரூவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு வயர் கட்டாயம் இழுக்க வேண்டும். மீட்டரின் எர்த்தையும் நான் டேஷ்போர்டு உலோகத்தில் கொடுக்காமல் அதே பிளாக் போல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு இடத்தில் எர்த் எடுத்தால் ஹெட்லைட் போடும்போதும் ஃபேன் ஓடும்போதும் எண் இரண்டு மூன்று டிகிரி ஆடும். பவர், சாவி ஆன் ஆனால் மட்டும் வரும் ஃபியூஸிலிருந்து, தனி ஃபியூஸ் போட்டு. டிம்மர் வயரைப் பார்க்கிங் லைட்டோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி நெடுஞ்சாலையில் கண்ணை உறுத்தும்.

ஹோஸை வெட்டும் முன் சென்டரைக் கொதிக்கும் நீரில் விட்டுப் பார்த்தேன். சேலத்தில் நீர் 99 டிகிரி பக்கம் கொதிக்கும், மீட்டர் காட்டியதும் அதே அளவு. ஊட்டியில் இருப்பவர்கள் 100ஐ எதிர்பார்க்க வேண்டாம். 2200 மீட்டருக்கு மேலே நீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடிக்குள் இந்தக் கணக்கு வேறு. 0.9 பார் அழுத்த மூடியும் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்டும் இருந்தால் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் போய் அழுத்தம் நிற்காவிட்டால் அதே கலவை 107 பக்கத்திலேயே கொதிக்கும். வெறும் பைப் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுவும் இல்லை.

பொருத்தி முடித்ததும் கூலன்டை நிரப்பி, காற்றை முழுதாக வெளியேற்றினோம். காற்று மாட்டிய இடத்தில் சென்டர் இருந்தால் வரும் எண் எதற்கும் உதவாது.

இனி, இத்தனை நாள் ஓட்டியதில் தெரிந்தவை. என் வண்டியின் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் வகை. காலையில் கிளம்பியதும் மேல் ஹோஸில் எண் வெகுநேரம் கீழேயே கிடந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று ஏறும். நெடுஞ்சாலையில் 84 முதல் 88. ஊருக்குள் ஏசி இல்லாமல் நின்றால் 96 வரை ஏறி, ஃபேன் ஓடி, 91க்கு இறங்கி, மறுபடி ஏறும். ஏசி போட்டால் என் வண்டியில் ஃபேனும் கூடவே ஓடுவதால் சிக்னலில் எண் குறைவாகவே இருக்கும். பலர் இதை நம்ப மறுப்பார்கள். மலையில் மட்டும் கதை மாறும். இரண்டாம் கியரில் ஏசியோடு ஏற்காடு ஏறினால் 98, 99. ஏசியை நிறுத்தினால் அடுத்த இரண்டு வளைவுக்குள் நான்கைந்து டிகிரி இறங்கும். டேஷ்போர்டில் இருக்கும் கம்பெனி முள் இவ்வளவுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அலாரத்தை 105ல் வைத்திருக்கிறேன்.

இந்த எண்கள் என் வண்டிக்கானவை. உங்கள் வண்டியின் வழக்கமான எண்களை நீங்களே ஓட்டித்தான் கற்றுக்கொள்ள வேண்டும், இந்த மீட்டரின் முழுப் பயனும் அதில் இருக்கிறது. ஒருமுறை சிக்னலில் 96ல் இறங்க வேண்டிய எண் இறங்காமல் 101, 102 என்று போனது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஃபேன் ஓடவில்லை. ஃபேனுக்குக் கரண்ட் விடும் ரிலேயைத் தட்டியதும் ஓடியது. உள்ளே கான்டாக்ட் கருகியிருந்தது. புது ரிலே போட்டதோடு முடிந்தது. இன்னொரு முறை எதிர்ப்பக்கம். மழைக்கால இரவுகளில் நெடுஞ்சாலையில் எண் 70ஐ எட்டுவதற்கே திணறியது, மைலேஜும் குறைந்திருந்தது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிப் போடுங்கள் என்று சொல்லும் பட்டறைகள் இன்னும் உண்டு. எஞ்சின் எப்போதும் சூடு போதாமல் ஓடினால் ஈசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், ஆயிலும் கெடும். புதிது மாற்றிய பிறகு எண் பழைய இடத்துக்கு வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூலன்ட் கொட்டிப்போய் ஹோஸ் காலியானால், சென்டர் காற்றில் தொங்கும், எண் ஏறுவதற்குப் பதில் இறங்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது மீட்டர் சாதுவாக 70 காட்டலாம். ஓட்டத்தின் நடுவே எண் காரணமில்லாமல் விழுந்தால், ஏறியதைப் போலவே அதையும் ஆபத்தாக எடுத்து வண்டியை நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டாலும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். கம்பெனி முள்ளின் சென்டர் ஹெட்டில் இருப்பதால் அது மட்டும் ஏறும். கம்பெனி முள் மேலே, என் மீட்டர் கீழே என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். அதனால் பழைய மீட்டரைக் கழற்றவில்லை. மூடியின் ரப்பர் போய்க் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததையும் இந்த மீட்டர் காட்டவில்லை. காலையில் ரிசர்வ் டப்பாவைப் பார்க்கும் பழக்கம்தான் காட்டியது. பார்ப்பது எப்போதும் ஆறிய வண்டியில். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் நிறைய.

வன்பொருள் பற்றிக் கொஞ்சம். மீட்டர் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. சென்டரின் டெர்மினலில் மட்டும் பச்சை பூத்து ஒருமுறை எண் துள்ளியது. சுத்தம் செய்து கிரீஸ் தடவியதும் நின்றது. அடாப்டரில் டெஃப்லான் டேப்பை நுனி மரையை விட்டுவிட்டு மெல்லிசாகச் சுற்றுங்கள், அதிகமானால் எர்த் போய்விடும். ஹோஸ் கிளாம்ப்புகளை முதல் சில வாரத்தில் ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டியிருந்தது.

2013க்குப் பிறகு வந்த கார் வைத்திருப்பவர்களுக்கு ஹோஸை வெட்டும் வேலையே பெரும்பாலும் தேவைப்படாது. ஓபிடி சாக்கெட்டில் (ஈசியுவின் தகவலைப் படிக்க வைத்திருக்கும் இணைப்பு) ஒரு சின்ன ரீடரைச் செருகினால் ஈசியு பார்க்கும் அதே எண் போனிலோ சிறு திரையிலோ வரும். சென்சார் கழன்றால் மைனஸ் 40 என்று அதுவே சொல்லிவிடும். வாரக்கணக்கில் வண்டி நிற்குமானால் ரீடரைக் கழற்றி வையுங்கள், பேட்டரியை உறிஞ்சும். என்னுடையதுபோல அந்த வசதி இல்லாத பழைய வண்டிக்கு அடாப்டர், சென்டர், மீட்டர்தான் வழி. அடுத்த கூலன்ட் மாற்றும்போது ரேடியேட்டர் மேல் டேங்கில் கூலன்ட் அளவைக் காட்டும் சென்சார் ஒன்றையும் சேர்க்கப் போகிறேன்; மீட்டர் கண்ணுக்குப் படாத அந்த ஒரு பிரச்சினைக்கு அதுதான் மருந்து.