குடிநீர்ப் பம்பு என்ற பெயரில் டீசல் பம்பு: ஆர்வி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

ஆர்வி எனப்படும், தங்கிப் பயணம் செய்யும் வசதியுள்ள வண்டியின் நன்னீர்த் தொட்டியைக் கேன்களிலிருந்து நிரப்புவதற்கென்றே கேன், பம்பு, குழாய் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக, "குடிநீருக்கு ஏற்றது" என்ற உறுதிமொழியுடன் இணையத்தில் விற்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்ததால் இதை எழுதுகிறேன்.

தொகுப்பின் தேவை உண்மையானதுதான். 20 லிட்டர் கேன் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதை நிரப்பு வாய் வரை தூக்கிப் பிடித்து ஊற்றினால் முதுகு போய்விடும், அவசரப்பட்டு ஊற்றினாலோ உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீரை நம் மீதே திருப்பித் துப்பும். எனவே கேனுக்குள் இறக்கும் 12 வோல்ட் பம்பு பெரிய உதவி. விளம்பரத்தில் சொன்ன வேகம் கிடைக்காததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கணக்கெல்லாம் தண்ணீரை மேலே ஏற்றாமல் எடுத்த கணக்கு.

பொறுக்க முடியாதது வாடை. நிரப்பிய மறுநாள் சமையல் மேடைக் குழாயைத் திறந்தபோது, புது மழைக்கோட்டைப் பிரித்தது போன்ற நெடி அடித்தது. பம்பை எடுத்துப் பார்த்தால், ஈரத்தில் ஊறிய "குடிநீர்" ஒட்டுத்தாளின் ஓரம் பிரிந்து, அடியில் பம்பின் உடலிலேயே அச்சிட்டிருந்த "டீசல்" என்ற சொல் எட்டிப் பார்த்தது. குழாயில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் அடைத்து இரவு முழுவதும் வைத்துவிட்டுக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி முகர்ந்தபோது அதே நெடி வந்ததால், குழாயும் குடிநீருக்கானதல்ல என்பது தெளிவாயிற்று.

விற்றவர் முதலில், புதுப் பொருள் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். பிறகு என் தொட்டிதான் அழுக்கு என்றார். படம் அனுப்பியதும், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று முடித்துக்கொண்டார். பயன்படுத்தாமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

வெந்நீர்க் கலனை பைபாஸ் செய்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவில் லிட்டருக்கு 1 மில்லி வீதம், மணமூட்டாத சாதாரண பிளீச் திரவத்தைக் கலந்து 12 மணி நேரம் வைத்து வடித்தேன். அது கிருமிகளுக்கான வைத்தியமே தவிர பிளாஸ்டிக் நெடியைப் போக்குவதில்லை. பலமுறை நிரப்பி வடித்த பின்னரே வாடை தணிந்தது.

வாங்குவதற்கு முன் ஒட்டுத்தாளை நம்பாமல் பொருளின் உடலைப் பாருங்கள். குடிநீர்க் குழாயென்றால் என்எஸ்எஃப் 61 போன்ற தரக்குறியீடு பெரும்பாலும் குழாயின் நீளவாக்கிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கேனின் அடியில் உள்ள 2 என்ற எண், அது எச்டிபிஇ பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. ரசாயனக் கேன்களிலும் அதே எண்தான் இருக்கும் என்பதால், உணவுத் தரம் என்று தனியாகக் குறித்திருக்கிறதா என்று தேடுங்கள்.

உங்கள் வண்டியில், குளிர்காலத்தில் குழாய்கள் உறையாமலிருக்க உறைதடுப்புத் திரவத்தை உறிஞ்சும் குழாயும் வால்வும் இருந்தால் தனிப் பம்பே தேவைப்படாது. சுத்தமான உறிஞ்சு குழாயைக் கேனுக்குள் விட்டு, வால்வைத் திருப்பி, வண்டியின் சொந்தப் பம்பை ஓடவிட்டால், வெளிப்புற ஷவர் குழாய் வழியாக நிரப்பு வாயில் தண்ணீரை விட்டுக்கொள்ளலாம். ஆனால் பல வண்டிகளில் அந்த ஷவர் குழாயும் குடிநீருக்கானது அல்ல; அதை மாற்றிய பிறகே நான் இந்த வழியைப் பயன்படுத்துகிறேன்.