பழைய கெர்னல் மாடியூலை ஒழிக்கிறது: மாட்ப்ரோப்ல ஒரு வரி போதுமா, கெர்னலையே கம்பைல் பண்ணணுமா?

அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு காலேஜ்ல லேப் மிஷின் அம்புட்டும் என் பொறுப்பு. எல்லாமே உபுண்டு 24.04 (லினக்ஸ்ல ஒரு வகை), பசங்களுக்குத் தனித்தனி லாகின், அவங்களே சி ப்ரோக்ராம் எழுதி கம்பைல் பண்ணி ஓட்டுவாங்க. அதனால வெளிய இருந்து எவன் வர்றாங்கிறத விட, உள்ள உக்காந்திருக்கிற சாதா யூசர் ரூட் (மிஷின்ல எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) ஆயிருவானாங்கிறதுதான் எனக்குக் கவலை.

இதுல பழைய ஃபீச்சர் எங்க வருதுன்னா, லினக்ஸ்ல சாதா யூசர் ஏதோ ஒரு ப்ரோட்டோகாலுக்கு ஒரு சாக்கெட் (நெட்வொர்க்ல பேசுறதுக்கான வாசல்) கேட்டாலே போதும், அதுக்கான மாடியூல் (தேவைப்படும்போது கெர்னலோட சேர்ற துண்டு) டிஸ்க்ல கெடந்தா கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, தானா எடுத்து லோட் பண்ணிக்கும், பாஸ்வேர்டு கீஸ்வேர்டு எதுவும் கேக்காது. டிசிசிபின்னு ஒரு ப்ரோட்டோகால், 2005ல 2.6.14 கெர்னலோட உள்ள வந்துச்சு, எங்க லேப்ல அத யூஸ் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு கூட கிடையாது. 2017 பிப்ரவரில அதுல ஒரு டபுள் ஃப்ரீ ஓட்டைய (ஒரே மெமரிய ரெண்டு தடவ விடுவிக்கிற தப்பு) ஆண்ட்ரே கொனோவலோவ்ங்கிற செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் வெளிய கொண்டு வந்தாரு (ஓட்டைக்குக் குடுத்த நம்பர் சிவிஇ-2017-6074), சாதா யூசர் நேரா ரூட் ஆகலாம். அடுத்த மாசமே அலெக்சாண்டர் போபோவ், என்_எச்டிஎல்சிங்கிற பழைய சீரியல் லைன் மாடியூல்ல இன்னொண்ணு, அது 2009ல இருந்து அப்படியே கெடந்திருக்கு. 2010ல ஆர்டிஎஸ்ங்கிற இன்னொரு ப்ரோட்டோகால்ல இதே கதை. இதெல்லாம் எப்பவோ பேட்ச் ஆயிருச்சு, எனக்குப் பயம் அடுத்து வர்றதப் பத்தி, ஏன்னா யாரும் யூஸ் பண்ணாத ப்ரோக்ராம் கோடை யாரும் உக்காந்து படிக்கிறதும் இல்ல. கெர்னல்காரங்களே 2025ல 6.16ல டிசிசிபியத் தூக்கிட்டாங்க, ஆனா 24.04 கூட வந்தது 6.8, நம்மகிட்ட அது இன்னும் உள்ளதான் இருக்கு.

சரி, எப்படி ஒழிக்கிறது? சிம்மக்கல்ல சர்வர் வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் கம்பைல் கட்சி. "இருந்தாத்தானடா தம்பி பிரச்சன, கான்ஃபிக்ல அத எடுத்துட்டு கெர்னலைக் கட்டிரு, சோலி முடிஞ்சது"ன்னாரு. அவரு சொல்றது தப்பில்ல, கோடே இல்லாத எடத்துல ஓட்டையும் இருக்காது. கெர்னலோடயே ஒட்டிப் போன சமாச்சாரம்னா, அதாவது மாடியூலா இல்லாம பில்ட்-இன்னா வந்ததுன்னா, மாட்ப்ரோப்ல (மாடியூல லோட் பண்ற ப்ரோக்ராம்) என்ன எழுதுனாலும் நிக்காது, அங்க கம்பைல்தான், இல்லேன்னா பூட் பாராமீட்டர் ஏதாவது இருக்கான்னு பாக்கணும்.

நான் எடுத்தது அடுத்த வழி. மாட்ப்ரோப் படிக்கிற மாட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல், அதுல மாடியூலுக்கு ஒரு வரி. இதுலயும் ரெண்டு தினுசு இருக்கு. வெறும் ப்ளாக்லிஸ்ட்னு போட்டா அலையஸ் (மாடியூலோட மாத்துப் பேரு) வழியா தானா லோட் ஆகுறது மட்டும் நிக்கும், பேரச் சொல்லி யாராவது கூப்பிட்டாலோ வேற மாடியூல் அதக் கேட்டாலோ வந்து நிக்கும். அதுக்குப் பதிலா இன்ஸ்டால்னு ஆரம்பிச்சு, மாடியூல் பேரு, அதுக்கப்புறம் பின்-ஃபால்ஸ்னு (எப்பவும் ஃபெயில் மட்டுமே ஆகுற ஒரு கமாண்ட்) எழுதுனா கூப்பிடுற நேரமெல்லாம் ஃபெயில் ஆகும். டிசிசிபிக்கு ஐபிவி4, ஐபிவி6 மாடியூல் பேரையும் சேத்தே எழுதிருங்க. "ரூட்டா இருந்தா மாட்ப்ரோப்பத் தாண்டி இன்ஸ்மாட் கமாண்ட்ல நேரா ஏத்திரலாமே"ன்னு அண்ணன் கேட்டாரு. ஏத்தலாம்தான், ஆனா ரூட் ஆனவன் எதுக்குண்ணே டிசிசிபியத் தேடப்போறான்?

மாடியூல் ஃபைலையே டெலிட் பண்ணிரலாம்னு தோணும். பண்ணாதீங்க, ஒவ்வொரு கெர்னல் வெர்ஷனுக்கும் தனி ஃபோல்டர், அடுத்த அப்டேட்ல புதுசா வந்து உக்காந்துக்கும்.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது இந்த அப்டேட் சமாச்சாரம்தான், மத்ததெல்லாம் அப்புறம். நான் எழுதுன அந்த ஒரு ஃபைல் எந்த கெர்னல் வந்தாலும் அப்படியே இருக்கும், ஆன்சிபிள்ல (பல மிஷினை ஒண்ணா நிர்வாகம் பண்ற டூல்) ஒருக்கா அனுப்பிட்டா எல்லா மிஷினுக்கும் போயிரும், அதுக்கப்புறம் உபுண்டுவோட பேக்கேஜ் டூல் ஆப்ட் பாட்டுக்கு செக்யூரிட்டி அப்டேட்டைப் போட்டுக்கிட்டே இருக்கும். கம்பைல் வழியில போனா உபுண்டுல புது பேட்ச் வர்ற நேரமெல்லாம் நான் சோர்ஸ் எடுக்கணும், கான்ஃபிக்கப் பாக்கணும், கட்டணும், உபுண்டுல இன்ஸ்டால் பண்ற டெப் பேக்கேஜ் ஆக்கணும், செக்யூர் பூட் (சைன் பண்ணாத கெர்னல பூட் ஆக விடாத பூட்டு) ஆன்ல இருந்தா நம்ம சாவில சைன் பண்ணணும், அந்தச் சாவிய ஒவ்வொரு மிஷின் முன்னாடியும் போய் நின்னு நீல ஸ்க்ரீன்ல ஒருக்கா ஏத்தணும், அப்புறம் என்விடியா கார்டு இருக்கிற மிஷின்ல டிரைவர் திரும்பக் கட்டுதான்னு வேற பாக்கணும். சித்திரைத் திருவிழா லீவுல ஊர்ல இல்லாத நேரம் ஒரு பெரிய ஓட்டைக்குப் பேட்ச் வந்தா யாரு இதப் பண்றது? தள்ளிப்போடுவோம், மனுசன்தான. தள்ளிப்போட்டா டிசிசிபி இல்லாத கெர்னல்ல வேற பத்து தெரிஞ்ச ஓட்டை தெறந்து கெடக்கும், எதுக்கு இதெல்லாம் ஆரம்பிச்சமோ அதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும். அண்ணன்கிட்ட "மாசாமாசம் நீங்க வந்து கட்டித் தருவீங்களாண்ணே"ன்னேன், சிரிச்சுட்டு டீயக் குடிச்சாரு.

கம்பைல் பண்ற நேரத்தக் குறைக்க லோக்கல்மாட்கான்ஃபிக் யூஸ் பண்ணச் சொல்லுவாங்க, அந்த நிமிசம் லோட் ஆகியிருக்கிற மாடியூல மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தக் கழிச்சுரும். நாளைக்கு எவனாவது புது வைஃபை டாங்கிள் சொருகுனா பேந்தப் பேந்த முழிக்கும். லேப்புக்கு ஆகாது.

மூணாவது ஒண்ணும் இருக்கு, மாடியூல்ஸ்_டிசேபிள்டுங்கிற சிஸ்சிடிஎல்ல (ஓடிக்கிட்டிருக்கிற கெர்னலோட செட்டிங்) 1 ஆக்கிட்டா ரீபூட் வரைக்கும் புதுசா எந்த மாடியூலும் ஏறாது, ரூட்டே நெனச்சாலும் திரும்ப 0 ஆக்க முடியாது. பலமான பூட்டு. ஆனா முன்னாடியே லோட் ஆகலேன்னா பென்ட்ரைவ் கூட எடுக்காது, பசங்க ரெக்கார்டு பிரிண்ட் எடுக்க வரிசையில நிப்பாங்க. ரேக்ல சும்மா நிக்கிற சர்வருக்கு இது ரொம்ப நல்லது, எங்க ஃபைல் சர்வர்ல இதத்தான் போட்டிருக்கேன். ராஸ்பெரி பை மாதிரி போர்டுல எனக்குப் பழக்கம் கம்மி, அங்க கம்பைல் பண்றது சுலுவுன்னு பண்றவங்க சொல்றாங்க.

இப்ப என் ஃபைல்ல டிசிசிபி, ஆர்டிஎஸ், அதே மாதிரி நெட்வொர்க் ப்ரோட்டோகாலான டிஐபிசி, எஸ்சிடிபி, அப்புறம் என்_எச்டிஎல்சி இருக்கு. ஏஎக்ஸ்.25, எக்ஸ்.25 மாதிரி ரொம்பப் பழசுக்கெல்லாம் உபுண்டுவே ரேர்-நெட்வொர்க்னு ஒரு ஃபைல் போட்டு அடைச்சு வச்சிருக்கு. சீரியல் பக்கத்துக்கு இன்னொரு காவலா எல்டிஸ்க் ஆட்டோலோடுங்கிற (என்_எச்டிஎல்சி மாதிரி லைன் மாடியூல் சாதா யூசருக்காகத் தானா லோட் ஆகுறத நிறுத்துற) சிஸ்சிடிஎல்லயும் 0 ஆக்கிட்டேன், அது 5.1 கெர்னல்ல இருந்து இருக்கு. எஸ்சிடிபி மட்டும் யோசிச்சுப் போடுங்க, டெலிகாம் பக்கம் அது இன்னும் உசுரோட இருக்கு, ப்ராஜெக்ட்டுக்கு எவனாவது கேட்டு வந்தா அவன் மிஷின்ல மட்டும் அந்த ஒரு வரிய எடுத்து விட்டாப் போதும்.