வலையில உரசாம மீன் பிடிச்சுக் குடுக்குற ரங்கூன் கடை

காளி கோயில்ல இருந்து நடந்தே போயிடலாம், சின்னக் கடைதான், கலர் மீன் வளர்க்குறவங்க ஒரு தடவ கண்டிப்பா போய்ப் பாருங்க.

போன மாசம் வேற ஒரு கடையில ஆறு ஜீப்ரா டானியோ வாங்குனேன், கெண்டை வகையில கோடு போட்ட சின்ன மீன். அங்க இருந்த தம்பி பெரிய வலையால தொட்டி முழுக்கத் துரத்தி கண்ணாடியோட சேத்து அமுக்கிப் பிடிச்சான், ஒண்ணுக்கு விலாப்பக்கம் தோலே உரிஞ்சு போச்சு. நான் விவரம் தெரியாம பைத்தண்ணியோட அப்படியே வீட்டு டேங்குல ஊத்திட்டேன். கொஞ்ச நேரத்துலயே பழைய மீனெல்லாம் தாறுமாறா பாஞ்சு, அப்புறம் அடியில போய் அசையாம ஒட்டிக்கிச்சு, சாயங்காலம் வரைக்கும் தீனியத் தொடல. நோய்தான் வந்துடுச்சோன்னு பதறிட்டேன்.

இந்தக் கடை அக்காதான் விஷயத்த சொன்னாங்க. கெண்டை, கெளுத்தி வகையறா மீனுக்கெல்லாம் தோல்ல தனியா ஒரு செல் இருக்காம், அதுக்கு வெளிய திறக்குற வாயே கிடையாது, தோல் கிழிஞ்சாதான் உள்ள இருக்குறது தண்ணியில கலக்கும், அத மோந்ததும் கூட்டமே மிரண்டுடும். அப்புறம் தேடிப் படிச்சா, 1938லயே கார்ல் வான் ஃபிரிஷ், தேனீ ஆட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடிச்சு 1973ல நோபல் வாங்குனாரே அவரேதான், அடிபட்ட மீன கூட்டத்துல திரும்ப விட்டப்ப மத்ததெல்லாம் பயந்து ஓடினதப் பாத்து எழுதியிருக்காரு. ஜெர்மன்ல ஷ்ரெக்ஷ்டாஃப்னு பேரு, மிரட்டுற பொருள்னு அர்த்தம்.

அக்கா வலைய ஒரு மூலையில ஆடாம வச்சுக்கிட்டு மீன மெதுவா டம்ளருக்குள்ள ஒதுக்கி தண்ணியோடயே தூக்குறாங்க. செதில் போனது ஒண்ணு இருந்தாலும் அத தனியா வச்சிடுறாங்க, பைத்தண்ணிய டேங்குல ஊத்தாதம்மான்னு ரெண்டு தடவ சொல்லித்தான் அனுப்புனாங்க.

நான் வாங்குனது எட்டு செலஸ்டியல் பேர்ல் டானியோ, நம்ம பர்மா ஷான் ஸ்டேட்ல ஹோபோங் பக்கம் 2006ல கிடைச்சு 2007ல பேர் வச்ச மீன், ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், நீல உடம்பு முழுக்க முத்து முத்தா புள்ளி, அவ்ளோ அழகு. டேங்க் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா சேத்து பைத்தண்ணிய மாத்திட்டுதான் விட்டேன். பழசுங்க ஒண்ணுகூட ஒளியல, கிட்ட வந்து பாத்துச்சுங்க, பத்தே நிமிஷத்துல எல்லாம் சேந்து தீனி தின்னுச்சு.

விலை கூடத்தான், எட்டு மீனுக்கு அரை மணி நேரம் நின்னேன். கரண்ட் போனாலும் பேட்டரி பம்ப் ஓடுது, அது ரொம்பப் பிடிச்சது. ஞாயித்துக்கிழமை கூட்டம் தாங்காது, அக்காவும் ஒரே ஆளு, வார நாள்ல காலையிலயே போயிடுங்க.