ஸ்டார்பக்ஸின் பஞ்சப்பாட்டு, கூகுளின் பெருமை

2012 நவம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு காப்பிக்கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸையும் கூகுளையும் கூப்பிட்டு வரி எங்கே என்று கேட்டது. இங்கே லாபமே இல்லை என்றது ஸ்டார்பக்ஸ். 1998 முதல் சுமார் 300 கோடி பவுண்டு விற்பனை, கட்டிய நிறுவன வரி 86 லட்சம். பெயருக்கான ராயல்டி நெதர்லாந்துக்கு, காப்பிக்கொட்டைக்கான பணம் சுவிட்சர்லாந்துக்கு என்று தன் கிளைகளுக்கே போனால் கல்லாவில் என்ன மிஞ்சும்? சரி, நட்டக் கடையை எதற்கு இத்தனை வருஷம் நடத்தினார்களாம்?

கூகுள் பஞ்சப்பாட்டு பாடவில்லை. விற்பனை முடிவது அயர்லாந்தில், எல்லாம் சட்டப்படிதான் என்றது. இதுதான் முதலாளித்துவம், இந்த ஏற்பாட்டில் பெருமையே என்று டிசம்பரில் கூகுளின் அன்றைய தலைவர் எரிக் ஷ்மிட் சொன்னார்.

திமிர்தான், ஆனாலும் பூசி மெழுகாத அந்தப் பதிலே எனக்கு மேல். அப்புறம், மக்கள் கோபத்துக்குப் பயந்து இரண்டு வருஷத்துக்கு 2 கோடி பவுண்டு தருவதாக இறங்கிவந்தது ஸ்டார்பக்ஸ்தான், ஏதோ உண்டியலில் போடுகிற மாதிரி.