கெய்ரோ வரைகலை நூலகம்: நிறம் கொடுக்கும் முறை அருமை, தப்பாகக் கொடுத்தால் வாயே திறக்காது

விண்டோஸின் சொந்த வரைகலை இடைமுகமான ஜிடிஐயில் கோட்டுக்குப் பேனா, நிரப்ப பிரஷ், எழுத்துக்குத் தனி நிறம் என்று மூன்று இடத்தில் அமைக்க வேண்டும். கெய்ரோவில் 'சோர்ஸ்' என்ற நிற மூலம் ஒன்றுதான். கோடு, நிரப்பு, எழுத்து எல்லாம் அதிலிருந்தே மை தொட்டுக்கொள்ளும். எதுவும் கொடுக்காவிட்டால் கறுப்பு. இந்த எளிமைக்கே தாராளமாக மதிப்பெண் போடலாம்.

கழிக்க வேண்டியது அளவுகளில். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0.0 முதல் 1.0 வரை. 0 முதல் 255 வரை எழுதும் பழக்கதோஷத்தில் ஆரஞ்சுக்கு 255, 128, 64 என்று கொடுத்தால் மூன்றும் 1-க்கு வெட்டப்பட்டு வெள்ளையாகிவிடும். வெள்ளைத் திரையில் படமே காணாது. சரி, 255-ஆல் வகுப்போம் என்று சி மொழியில் 128/255 எழுதினால் முழு எண் வகுத்தல், விடை 0. பச்சையும் நீலமும் 0 ஆகி, ஆரஞ்சு கேட்ட இடத்தில் அப்பட்டமான சிவப்பு நிற்கும். 128/255.0 என்று புள்ளி வைத்து எழுதுங்கள். பைதான் 3-இல் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு தவறுக்கும் கெய்ரோ திருப்பித் தரும் நிலைக் குறியீடு 'வெற்றி' என்றே வரும் என்பதுதான் எரிச்சல்.

நிறம் ஒட்டுவது கோடு போக வேண்டிய பாதையை அமைக்கும்போது அல்ல, அதை உண்மையில் வரையும் 'ஸ்ட்ரோக்' கட்டளையை அழைக்கும் கணத்தில். சிவப்பு வைத்து ஒரு கோடு, நீலம் வைத்து இன்னொரு கோடு, கடைசியில் ஒரே ஸ்ட்ரோக் என்றால் இரண்டுமே நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்ட்ரோக் வேண்டும். நடுவில் ஒரு படத்தை சோர்ஸாக வைத்திருந்தால் பழைய நிறம் போய்விட்டது. அமைப்புகளைச் சேமிக்கும் 'சேவ்', அவற்றை மீட்கும் 'ரீஸ்டோர்' இரண்டுக்கும் இடையில் அதைச் செய்தால் பிழைத்தீர்கள்.

பிக்சல்களை நேரடியாகத் தொடுபவர்களுக்கு: ஒரு பிக்சலுக்கு 32 பிட் எடுக்கும் ஏஆர்ஜிபி32 வடிவத்தில் நிறம் ஆல்ஃபாவால் (ஒளிபுகாமை அளவு) முன்கூட்டியே பெருக்கப்பட்டிருக்க வேண்டும். பாதி ஒளிபுகும் சிவப்பு என்றால் ஆல்ஃபா 128, சிவப்பும் 128; 255 அல்ல. இன்டெல் வகைக் கணினியில் பைட் வரிசை நீலம், பச்சை, சிவப்பு, ஆல்ஃபா. சிவப்பு முதலில் வரும் ஆர்ஜிபிஏ தரவை அப்படியே கொட்டினால் முகங்கள் நீலம் பூசிக்கொள்ளும். பிக்சலில் எழுதும் முன் நிலுவையில் உள்ள வரைதலை முடிக்க 'ஃப்ளஷ்', எழுதிய பின் மாற்றத்தைக் கெய்ரோவுக்குச் சொல்ல 'மார்க் டர்ட்டி'.

நிறம் சரியாக இருந்தும் கறுப்புக் கோடு சாம்பலாகத் தெரிகிறதா? அகலம் 1 உள்ள செங்குத்துக் கோட்டை x அச்சில் 10-இல் நிறுத்தினால் அது இரு பிக்சல்களில் பாதிப்பாதி விழும். 10.5-க்கு நகர்த்துங்கள், கருகருவென்று வரும்.